பாடம் செய்த மூளை: காத்தலும் அளத்தலும்



மொழி பற்றிய உரைத்தொடரில் மூளைத் திசுவைக் கெடாமல் காப்பது பற்றியும், அவ்வாறு காத்த மூளையைக் காந்த அதிர்வுப் படக்கருவியில், அதாவது எம்.ஆர்.ஐ. கருவியில், அளப்பது பற்றியும் பேச எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் எளியது. மொழி மூளையின் எப்பகுதியில் உறைகிறது, எவ்வழியே ஓடுகிறது என்று நம் பயிற்சி வகுப்புகளில் வண்ணப்படங்கள் காட்டப்படுகின்றன. அப்படங்களுக்குப் பின்னால் உள்ள அறிவின் ஒரு பகுதி, இறந்தோரின் மூளைகளைக் காத்து வைத்து ஆராய்ந்ததால் கிடைத்தது. காக்கும் முறை அளவை எவ்வாறு மாற்றுகிறது என்று தெரியாமல் அப்படங்களைப் படிக்க இயலாது. மொழியாசிரியர்களாகிய நாம் அவற்றைப் படிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம்; மாணவரின் பெற்றோர் நம்மிடமே விளக்கம் கேட்கிறார்கள்.

1. ஒரு சொல், மூன்று வழக்குகள்

தமிழில் 'பாடம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நாம் நடத்துவது பாடம். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் ஒரு செய்யுளடியின் வெவ்வேறு வடிவங்களையும் பாடம் என்பார்; அவை மாறுபட்டால் பாடவேறுபாடு என்பார். புகையிலையையோ விலங்கின் உடலையோ கெடாதபடி பக்குவம் செய்து வைப்பதையும் 'பாடம் செய்தல்' என்கிறோம். கற்பிக்கப்படுவது, படிக்கப்படுவது, காக்கப்படுவது ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. இன்றைய உரைக்கு இம்மூன்றும் வேண்டும். பாடம் செய்த மூளை ஒரு பாடம். உயிருள்ள மூளை மற்றொரு பாடம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் எது உயிரால் வந்தது, எது பக்குவத்தால் வந்தது என்று பிரித்தறிவதே இத்துறையின் முதன்மைச் சிக்கல்.

2. பாரிசில் ஒரு மூளை

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்னும் நோயாளி இறந்தார். வயது 51. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரால் பேச இயலவில்லை. பிறர் பேசுவது பெரும்பாலும் விளங்கியது. விடை சொல்ல முயன்றால் 'தான்' என்னும் ஓரசை மட்டுமே வந்தது. மருத்துவமனையில் அவரை அப்பெயராலேயே அழைத்தனர். மறுநாளே பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவருடைய மூளையைப் பாரிசு மானிடவியல் கழகத்தின் முன் வைத்தார். இடப்பக்க முன்மடலில் இருந்த சிதைவைக் காட்டி, ஒலித்துப் பேசும் ஆற்றலுக்கு அவ்விடம் இன்றியமையாதது என்னும் கருத்தை அதைக் கொண்டு அவர் வளர்த்தார். மொழியும் மூளையும் பற்றிய அறிவியலின் பிறந்தநாளாகப் பலர் அதையே குறிப்பர்.

பின்னாளில் செசாரி தொமான்ஸ்கி என்னும் போலந்து நாட்டு உளவியல் வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் தேடி இம்மனிதரின் வாழ்வை ஓரளவு மீட்டெடுத்தார். லெபோர்ன் 1809இல் மொரே என்னும் சிற்றூரில் பிறந்தவர். காலணி செய்வதற்குரிய மர அச்சுகளைச் செதுக்கும் தொழிலாளி. அவ்வூரில் தோல் பதனிடுவதற்கான மரப்பட்டைத் தூள் அரைக்கும் ஆலைகள் இருந்தன. அத்தூளுக்குப் பிரெஞ்சு மொழியில் 'தான்' என்று பெயர். அவர் வாயில் எஞ்சிய ஓரசை அந்த இளமை நினைவாக இருக்கலாம் என்பது தொமான்ஸ்கியின் ஊகம். ஊகத்தை ஊகமாகவே கொள்வோம். ஆயினும் 'நோயாளி தான்' என்று பாடநூல்கள் சுருக்கிவிட்டவருக்கு ஊரும் தொழிலும் பெயரும் இருந்தன என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

புரோக்கா அம்மூளையை அறுத்துப் பார்க்கவில்லை. வருங்காலத்தவரும் பார்க்க வேண்டும் என்று முழுமையாகச் சாராயத்தில் இட்டு வைத்தார். அது பாரிசின் துப்புய்த்ரான் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டது. 2007இல் நீனா டிரோங்கர்சும் அவருடன் பணியாற்றியோரும் அம்மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் எடுத்த படங்களை வெளியிட்டனர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட சிதைவு உள்ளே வெகு ஆழம்வரை சென்றிருந்தது. மூளையின் உள்மடிப்புப் பகுதியும், முன்மடலைப் பின்பகுதிகளோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையும் அழிந்திருந்தன. பேச்சு ஓரிடத்தில் மட்டும் உறைகிறது என்னும் எளிய விளக்கம் அப்படங்களின் முன் தளர்ந்தது. இடங்களை இணைக்கும் வழிகளும் அறுந்திருந்தன.

146 ஆண்டுகள் காத்த பொருளிலிருந்து புதிய உண்மை கிடைத்தது. காத்தலின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் கிடைத்த உண்மை எவ்வகையானது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கே திசு இருக்கிறது, எங்கே இல்லை என்னும் வடிவ உண்மை அது. எஞ்சியிருக்கும் திசுவின் நுண்ணமைப்பு உயிரோடிருந்தபோது எவ்வாறு இருந்தது என்று அதே மூளையைக் கேட்டால், விடை அத்துணை நேராக வருவதில்லை. 2015இல் வேறோர் ஆய்வுக்குழு லெபோர்னின் மூளையில் அறுந்த வழிகள் எவை என்று வரையறுக்க முயன்றது. அக்குழு என்ன செய்தது? உயிருள்ள நலமான மனிதரிடம் எடுத்த கற்றை வரைபடத்தின் மேல் லெபோர்னின் சிதைவைப் பொருத்திப் பார்த்தது. சிதைவின் வடிவம் இறந்தவரிடமிருந்து வந்தது. வழிகளின் வரைபடம் வாழ்வோரிடமிருந்து வந்தது. ஏன் அவ்வாறு செய்ய நேர்ந்தது என்பதை இனிக் காண்போம்.

3. நீரின் நடையை அளத்தல்

நுண்ணமைப்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறைக்கு விரவல் படமெடுப்பு என்று பெயரிடலாம். ஒரு குவளை நீரில் ஒரு துளி மை இட்டால் தானே பரவுகிறது அன்றோ? அதுவே விரவல். மை இல்லாவிடினும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கின்றன. மூளைத் திசுவிலும் நீர் நிரம்பியுள்ளது.

கருவி செய்வது இதுதான். காந்தப்புலத்தில் ஒரு சாய்வை நொடிப்பொழுது உண்டாக்கி, ஒவ்வொரு நீர் மூலக்கூறின் ஐதரசன் கருவுக்கும் அது நிற்கும் இடத்துக்கேற்ற அடையாளம் இடுகிறது. சிறிது நேரம் கழித்து எதிரான மற்றொரு துடிப்பால் அவ்வடையாளத்தை அழிக்க முயல்கிறது. நகராத மூலக்கூறின் அடையாளம் முற்றிலும் அழிந்து பழைய நிலை திரும்பும். நகர்ந்ததன் அடையாளம் சரியாக அழியாது. அந்த அளவுக்குச் சைகை மங்கும். மங்கிய அளவைக் கொண்டு நீர் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடலாம். ஸ்டெஸ்கல், டானர் ஆகிய இருவர் 1965இல் இம்முறையை வகுத்தனர். 1980களின் நடுவில் அது மனித மூளைக்கு வந்தது. 1994இல் பீட்டர் பாசரும் உடனாய்வாளர்களும் திசைதோறும் வேறுபடும் விரவலைக் கணக்கிடும் வழியைத் தந்தனர்.

எண்களைப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். உடல் வெப்பமாகிய 37 பாகையில் தடையற்ற நீர், ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரோமீட்டர் நகரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோமீட்டர். மூளைத் திசுவுக்குள் அதே நேரத்தில் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டரே நகர்கிறது; சவ்வுகளும் இழைகளும் வழியை மறிக்கின்றன. மூளையின் நரம்பிழைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவு தடிப்புள்ளவை. ஆகவே நீர் நகரும் தொலைவு திசுவின் நுண்ணமைப்போடு ஒப்பிடத்தக்கதாக அமைகிறது. படத்தின் ஒரு புள்ளி ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிதாக இருந்தும், அதனுள் உள்ள நுண்ணமைப்பைப் பற்றி நீர் நமக்குச் சொல்ல முடிவது இதனால்தான்.

இரண்டு அளவுகளை நினைவிற் கொள்வோம். ஒன்று, நீர் சராசரியாக எவ்வளவு விரவுகிறது என்பது. இதை விரவல் அளவு என்போம். மற்றொன்று, அவ்விரவல் எத்திசையிலும் ஒத்திருக்கிறதா, ஒரு திசையில் மிகுந்திருக்கிறதா என்பது. இதைத் திசைச்சார்பு என்போம். திசைச்சார்பு 0 முதல் 1 வரை செல்லும். நரம்பிழைகள் ஒரே போக்கில் கற்றையாகச் செல்லுமிடத்தில் நீர் கற்றையின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்குவாக்கில் அரிதாகவும் நகர்வதால் திசைச்சார்பு உயர்ந்திருக்கும். புள்ளிதோறும் அத்திசையைப் பின்தொடர்ந்து கணினி வரையும் கோடுகளே நாம் படங்களில் காணும் வண்ண இழைகள். அவை நரம்புகளின் நிழற்படங்கள் அல்ல; நீரின் நடையிலிருந்து கணக்கிட்ட ஊக வழிகள்.

4. இறப்பும் பதப்பொருளும் செய்வன

இனி அந்த மூளை உயிரற்றதாகட்டும். மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

முதலாவது, ஆற்றல் வற்றுதல். குருதி நின்றவுடன் உயிரணுச் சவ்வுகளில் அயனிகளை வெளியேற்றும் இயக்கம் நின்றுபோகிறது. நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன, இடைவெளி குறுகுகிறது, விரவல் அளவு சட்டென வீழ்கிறது. உயிருள்ளோரின் மூளையில் குருதிக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வரும்போதும் இதுவே நிகழ்கிறது. பக்கவாதத்தை விரைவில் கண்டறிய விரவல் படம் உதவுவது இவ்வீழ்ச்சியால்தான்.

இரண்டாவது, தன்சிதைவு. காப்புக்கு முன் கழியும் ஒவ்வொரு மணி நேரத்திலும் திசுவின் நொதிகள் திசுவையே அரிக்கின்றன. சவ்வுகள் உடைகின்றன, திசைச்சார்பும் குறையத் தொடங்குகிறது. ஆகவே இறப்புக்கும் காப்புக்கும் இடையிலுள்ள கால அளவு, அளவீட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

மூன்றாவது, நிலைப்படுத்தல். ஃபார்மால்டிகைடு திசுவை இறுக்கிக் காக்கும் என்பதை 1893இல் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் புளூம் கண்டறிந்தார். லெபோர்ன் இறந்து 32 ஆண்டுகள் கழித்து. இன்று வழக்கிலுள்ள 10 விழுக்காட்டு ஃபார்மலின் என்பது ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஃபார்மால்டிகைடு கரைசலாகும். அது புரதங்களுக்கு இடையே பாலங்களைக் கட்டி அவற்றை வலைபோல் பிணைக்கிறது. தோல் பதனிடுவதிலும் அடிப்படையில் இத்தகைய பிணைப்பே நிகழ்கிறது. சாராயம் செய்வது வேறு: நீரை வெளியேற்றுகிறது, கொழுப்பைக் கரைக்கிறது, திசுவைச் சுருக்குகிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் கொழுப்பு மிகுதி. விரவலை மறிக்கும் சுவர்களில் முதன்மையான ஒன்று அவ்வுறை. லெபோர்னின் மூளையிடம் நுண்ணமைப்பைக் கேட்க இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மூன்றோடு வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். பாடம் செய்த மூளை பெரும்பாலும் அறை வெப்பத்தில் அளக்கப்படுகிறது. 37 பாகையிலிருந்து 20 பாகைக்குக் குளிர்ந்தால் தடையற்ற நீரின் விரவல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. ஆனால் பாடம் செய்த மனித மூளையில் விரவல் அளவு, வாழும் மூளையின் அளவில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் காணப்படுகிறது. குளிர்ச்சி மட்டுமே இக்குறைவுக்குக் காரணமாக இருக்க இயலாது. எஞ்சிய பங்கு இறப்பின் செயலும் பதப்பொருளின் செயலும் ஆகும்.

திசைச்சார்பு எவ்வாறு? 2003இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயிருள்ள எலி மூளையையும் ஃபார்மலினில் காத்த எலி மூளையையும் ஒப்பிட்டனர். விரவல் அளவு வெகுவாகக் குறைந்திருந்தும் திசைச்சார்பு ஏறத்தாழ ஒத்திருந்தது. இது மிக முதன்மையான செய்தி. பாடம் செய்தல் நடையின் வேகத்தைக் குறைத்தாலும், எப்பக்கம் எளிது, எப்பக்கம் அரிது என்னும் விகிதத்தைப் பெரும்பாலும் காக்கிறது. ஆனால் ஆய்வகத்து எலியின் மூளை விரைவாகக் காக்கப்படுகிறது. மனித மூளை பல மணி நேரம், சில வேளைகளில் நாள் கணக்கில், காத்திருந்த பின்னரே ஃபார்மலினை அடைகிறது. அத்தாமதம் நேர்ந்தால் விகிதமும் கெடும்.

5. ஆழத்தின் சிக்கல்

மனித மூளை பெரியது. பதப்பொருள் வெளியிலிருந்து உள்ளே ஊற வேண்டும். பதப்பொருள் ஊறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பீட்டர் மெடவார் 1941இல் எழுதினார். எளிதாகச் சொன்னால், இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். 5 மில்லிமீட்டர் ஆழத்தை எட்ட ஆகும் நேரத்தைப் போல் பதினாறு மடங்கு, 20 மில்லிமீட்டரை எட்ட ஆகும். மேற்பரப்பு காக்கப்படும் வேளையில் ஆழத்தில் தன்சிதைவு நடந்துகொண்டிருக்கும்.

மொழியாய்வாளருக்கு இது ஏன் முதன்மையானது? முன்மடலையும் பக்கமடலையும் இணைக்கும் வில்வடிவக் கற்றை முதலிய மொழி வழிகள் மேற்பரப்பின் கீழே, வெண்பொருளில் ஓடுகின்றன. நாம் மிகவும் அளக்க விரும்பும் இடமே தாமதமாகக் காக்கப்படும் இடம். மேற்புறத்துக்கும் ஆழத்துக்கும் இடையே ஓர் அளவு வேறுபாடு கண்டால், அது மூளையின் இயல்பா, ஃபார்மலின் சென்று சேர்ந்த வரிசையா என்று முதலில் கேட்டாக வேண்டும்.

ஒப்பீட்டு ஆய்வில் சிக்கல் மேலும் வளர்கிறது. நோயுற்றோர் சிலரின் மூளைகளையும் நோயற்றோர் சிலரின் மூளைகளையும் ஒப்பிடுவதாகக் கொள்வோம். ஒரு குழுவின் மூளைகள் இறந்த சில மணிகளில் காக்கப்பட்டு, மற்றக் குழுவினுடையவை இரண்டு நாள் தாமதித்துக் காக்கப்பட்டிருந்தால், காணும் வேறுபாடு நோயினுடையதா, தாமதத்தினுடையதா? இரண்டையும் பிரிக்க வழியில்லாத ஆய்வு எத்துணை அழகிய படம் தந்தாலும் பயனில்லை.

6. ஏடும் புள்ளியும்

இத்தகைய சிக்கல் தமிழாய்வுக்குப் புதியதன்று. பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாகத் தோன்றுவதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதைப் பலரும் காரணமாகக் கூறுவர். சுவடியில் உள்ள புள்ளிகளை மட்டும் எண்ணி, அக்காலத் தமிழில் மெய்யொலிகள் அருகியிருந்தன என்று ஒருவர் முடிவு கட்டினால் நாம் என்ன சொல்வோம்? மொழியை அளக்க எண்ணி ஓலையை அளந்துவிட்டீர் என்போம்.

ஆனால் அதே சுவடியில் சொல்லின் வரிசையும் செய்யுளின் யாப்பும் பெரும்பாலும் காக்கப்பட்டுள்ளன. யாப்பு தெரிந்த பதிப்பாசிரியர் புள்ளியில்லா எழுத்தை அசை பிரித்துப் படித்துவிடுவார். எது காக்கப்படும், எது இழக்கப்படும் என்று முன்னரே அறிந்தவருக்கு ஓலை நம்பத்தக்க சான்று. அறியாதவருக்கு அது கண்ணி. பாடம் செய்த மூளையும் அவ்வாறே. திசைச்சார்பை யாப்பாகவும் விரவல் அளவைப் புள்ளியாகவும் கொண்டால் ஒப்புமை விளங்கும். தாமதித்துக் காத்த மூளையோ செல்லரித்த ஏடு, அங்கே யாப்பும் சிதைந்திருக்கும்.

7. அளப்போர் கண்ட வழிகள்

குறையை அறிந்த பின் அறிவியலார் வாளாவிருக்கவில்லை. விரவல் குறைந்த திசுவில் வழக்கமான அமைப்போடு அளந்தால் சைகை போதுமான அளவு மங்காது, வேறுபாடு தோன்றாது. ஆகவே காந்தச் சாய்வின் வலிமையையும் கால அளவையும் கூட்டுகின்றனர். அதற்குரிய உணர்திறன் எண் உயிருள்ளோரில் பெரும்பாலும் 1000 அளவில் வைக்கப்படும். பாடம் செய்த மூளையில் 4000 அல்லது அதற்கு மேல் வைக்கப்படும். விரவல் நான்கில் ஒரு பங்கானால் உணர்திறனை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே கணக்கு.

ஃபார்மலினில் ஊறிய திசுவில் சைகை விரைவாக அணைந்துவிடுவது மற்றொரு தொல்லை. அளப்பதற்கு முன் மூளையை உப்புக் கரைசலில் பல நாள் ஊறவைத்து, பிணையாமல் எஞ்சிய ஃபார்மலினைக் கழுவி நீக்கினால் சைகையின் ஆயுள் பெருமளவு மீள்கிறது. இறந்த மூளை அசையாது, மூச்சு விடாது, களைப்படையாது. ஆகவே பல மணி நேரம் தொடர்ந்து அளந்து, உயிருள்ளோரில் எட்ட இயலாத நுண்மையை எட்டலாம். அளந்த பின் அதே திசுவை வெட்டி நுண்ணோக்கியில் வைத்து, நீர் சொன்னது மெய்தானா என்று பார்க்கவும் செய்யலாம். உயிருள்ளோரின் படத்துக்கு இச்சோதனை வாய்ப்பதில்லை. இதனால்தான் இடர் பலவிருந்தும் பாடம் செய்த மூளையை விட்டுவிட இயலவில்லை.

எனினும் நுண்ணோக்கியையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. வாழும் மூளையில் உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வேதிப்பொருளால் காத்த திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அவ்வெளி பெரிதும் சுருங்கியிருக்கும். நுண்ணமைப்பை உய்த்தறியும் கணித மாதிரிகள், உயிரணுவின் உள்ளும் புறமும் நீர் இன்ன வேகத்தில் நகரும் என்று சில எண்களை முன்னரே நிலையாகக் கொள்கின்றன. உயிருள்ளோருக்கு வகுத்த அவ்வெண்களைப் பாடம் செய்த மூளைக்கும் மாற்றாமல் இட்டால் மாதிரி விடை தரும். விடை பொருளற்றதாக இருக்கும். கருவி எதிர்ப்புத் தெரிவிக்காது என்பதே இதில் உள்ள இடர்.

இவ்வகையில் ஹென்றி மொலைசனின் மூளை எடுத்துக்காட்டாக நிற்கிறது. 1953இல் செய்த அறுவையால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த அவர் 2008 டிசம்பர் 2ஆம் நாள் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோதே அவருடைய மூளை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுக்கப்பட்டிருந்தது. இறந்த அன்றே மண்டையோட்டுக்குள் இருந்தபடியே மீண்டும் எடுக்கப்பட்டது. ஃபார்மலினில் காத்த பின் மறுபடியும் எடுக்கப்பட்டது. பின்னர் 2009 டிசம்பரில் சான் டியேகோவில் 2401 மெல்லிய வெட்டுகளாக வெட்டப்பட்டது. ஒரே நூலின் நான்கு பாடங்களும் கையில் இருப்பதற்கு இது ஒப்பாகும். ஒன்றில் உள்ள ஐயத்தை மற்றொன்றால் தீர்த்துக்கொள்ளலாம்.

நமக்கு அணிமையிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கருவிலுள்ள குழந்தையின் மூளையை, இரண்டாம் மும்மாதக் காலத்துக்குரியதை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வெட்டுகளாகப் படமாக்கி 2024 டிசம்பரில் 'தரணி' என்னும் பெயரில் உலகுக்குத் திறந்து வைத்தது. கருமூளையில் நீர் மிகுதி. மயலின் உறை இன்னும் உருவாகவில்லை. முதிர்ந்த மூளைக்குரிய அளவுகோலை அங்கே அப்படியே வைக்க இயலாது. திசு மாறினால், பருவம் மாறினால், அளவின் பொருளும் மாறுகிறது.

8. வகுப்பறைக்குத் திரும்புவோம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மாணவர்கள் பல மொழிகளுக்கிடையே வளர்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்படும் குழந்தையின் பெற்றோர், இணையத்தில் கண்ட மூளைப் படத்தைக் காட்டி, 'ஒரு மொழியை விட்டுவிடலாமா?' என்று ஆசிரியரைக் கேட்கிறார்கள். மறுபுறம், தமிழ் கற்றால் மூளையின் இன்ன கற்றை தடிக்கும் என்று மேடைகளில் முழங்குவோரும் உளர். இரண்டு இடத்திலும் படம் சொல்லாததைப் படத்தின் வாயில் திணிக்கிறோம்.

ஒரு மூளைப் படம் நம் முன் வைக்கப்பட்டால் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இது உயிருள்ளவரின் மூளையா, பாடம் செய்ததா? பாடம் செய்ததெனில், இறந்து எவ்வளவு நேரத்துக்குப் பின் காக்கப்பட்டது, எதில் காக்கப்பட்டது? அளக்கப்பட்டது என்ன: வடிவமா, விரவல் அளவா, திசைச்சார்பா, கணித மாதிரியின் விடையா? ஒப்பிடப்பட்ட இரு குழுக்களும் ஒரே வகையாகக் காக்கப்பட்டு, ஒரே வெப்பத்தில், ஒரே அமைப்பில் அளக்கப்பட்டனவா? இக்கேள்விகளைக் கேட்க இயற்பியல் பட்டம் வேண்டுவதில்லை. சுவடியை ஒப்பிடும்போது எந்த ஏடு, யார் எழுதியது, எங்கே சிதைந்தது என்று கேட்கும் பழக்கம் போதும். அது தமிழாசிரியர்க்கு உரிய பழக்கமே.

இவற்றுள் எதற்கும் விடை கிடைக்கவில்லையெனில், அப்படத்தைக் கொண்டு ஒரு குழந்தையின் கல்வியைத் தீர்மானித்தல் ஆகாது. குழந்தை படிப்பதைக் கேட்டறிவதும், எழுதுவதைப் பார்த்தறிவதும், எவ்வொலியில் தடுமாறுகிறது என்று நாள்தோறும் குறித்து வைப்பதும் நம் கையிலுள்ள நேரிய அளவைகள். அவை உயிருள்ள மொழியை உயிரோடிருக்கும்போதே அளப்பன. தமிழைக் கற்பதற்குரிய நியாயமும் மூளைப் படத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. பாட்டியோடு பேசவும், தன் மக்களின் நூல்களைத் தானே படிக்கவும் ஒரு குழந்தைக்கு உள்ள உரிமை போதுமான நியாயம். நாளை ஓர் ஆய்வு படத்தை மறுத்தால் மொழியும் வீழ்ந்ததாக ஆகும்படி நாம் ஏன் அதனோடு முடிச்சுப் போட வேண்டும்?

மற்றொரு கடமையும் உண்டு. ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு மூளையும் ஒரு மனிதருடையது. இன்று பலர் மனமுவந்து கொடையாகத் தருகிறார்கள். துயரின் நடுவே குடும்பத்தார் கையெழுத்திடுகிறார்கள். லெபோர்னிடம் யாரும் இசைவு கேட்டதாகக் குறிப்பில்லை. இருபது ஆண்டுகள் பேச இயலாதிருந்த அவர் இறந்த பின்னும் நமக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். அச்செய்தியில் அவர் சொன்னது எது, சாராயம் சொன்னது எது என்று பிரித்துக் கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. இத்துறையில் விரவல், திசைச்சார்பு, நிலைப்படுத்தல் போன்ற சொற்கள் தமிழில் இன்னும் முற்றும் நிலைபெறவில்லை. உயிரியலும் இயற்பியலும் பயில்வோர் அவற்றைத் தமிழில் எழுதிப் பழகினால்தான் நிலைபெறும். வீட்டுக்குச் சென்றதும் ஒரு குவளை குளிர்நீரிலும் ஒரு குவளை வெந்நீரிலும் ஒவ்வொரு துளி மை இட்டுப் பாருங்கள். எதில் விரைவாகப் பரவுகிறது, ஏன் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அதைத் திருத்தித் தருவது எங்கள் போன்ற முதியோரின் வேலையாக இருக்கட்டும்.